மாப்ளைக்கு 17 இன்ச்

வா மாப்ளே, ஒக்காரு. காப்பி ஆறுது பாரு, நம்ம காட்டுக் கொட்டைதான்.

காருக்கு அலாய் வீல் போட திண்டுக்கல்லுக்குப் போறியாமே? 15 இன்ச் டிஸ்க்கைக் கழட்டிட்டு 17 போடுறியாம். எந்தங்கச்சிதான் சொன்னா. ஒங்காத்தா அழுதுக்கிட்டுச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன், சிரிச்சுக்கிட்டுல்ல சொன்னா.

போடு, தாராளமாப் போடு. மிளகு வித்த காசு பையில கெடந்து கூத்தாடுனா நான் என்ன செய்ய? ஆனா ஒன் டயரு பக்கவாட்டுல என்ன எழுதியிருக்குன்னு என்னைக்காச்சும் படிச்சியா? நான் காலையில கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குத்தவச்சுப் படிச்சேன். 185/65 ஆர் 15. அகலம் 185 மில்லி. அதுல நூத்துக்கு 65 பங்கு ரப்பரு ஒசரம், 120 மில்லி வருது. நீ ஆசப்படுற 205/45 ஆர் 17ல அதே ஒசரம் 92தான். வெளிவட்டம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால கடைக்காரத் தம்பி “ஒண்ணும் ஆகாதுண்ணே”ம்பான். பொய்யில்ல. ஆனா ஒன்றரை வெரக்கடை காத்து இருந்த எடத்துல இப்ப அலுமினியம் ஒக்காந்திருக்கும். சித்தரேவு தாண்டி மேல ஏறுறப்ப குழியில விழுற அடிய ஒன் முதுகுக்குத் தெரியாம இத்தன நாளு வாங்குனது அந்தக் காத்துதான்.

1946ல திருவொற்றியூர்ல ஒருத்தர் பொம்மை பலூன் செஞ்சாரு. மாம்மன் மாப்பிள்ளைன்னு பேரு. 1952ல டயருக்கு ஒட்டுற ரப்பர்ல எறங்குனாரு, அதான் இன்னைக்கு எம்.ஆர்.எஃப். அந்த மாப்பிள்ளை பலூன்ல ஆரம்பிச்சு டயருக்குப் போனாரு. நீ டயர்ல இருந்து பலூனுக்குப் போற.

இந்த மலையில ரோடு வர்றதுக்கு முந்தி குதிரைதான் சொமந்துச்சு. லாடம் அடிக்கிறவன் குளம்பப் பாத்துத்தான் அடிப்பான், வேடிக்க பாக்குறவன் மூஞ்சியப் பாத்து இல்ல. ஏன், என் ஜீப்புக்கும் 16 இன்ச் டிஸ்க்குதான். ஆனா அதுல கெடந்த டயரு பொங்கப்பானை கணக்கா இருந்துச்சு. அதுலயே ஒருதரம் காசு மிச்சம்னு பட்டன் தேஞ்சத மாத்தாம ஓட்டி, ஐப்பசி மழையில சில்வர் ஓக் எல மேல வழுக்கி, மூட்டையோட போயி காப்பிச் செடிக்குள்ள நின்னேன். ஒங்கத்தைக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, நீயும் சொல்லிப்புடாத. பட்டன் 1.6 மில்லிக்கு வந்துட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்குன்னே பள்ளத்துக்குள்ள ஒரு மேடு வச்சிருக்கான், தடவிப் பாரு.

கடையில பளபளப்புல மயங்காத. மிளகுல பப்பாளி வெதையக் கலக்குனா மோந்து கண்டுபிடிக்கிறவன்தானே நீ? டயருக்கும் அப்படித்தான். ஓரத்துல நாலு எண்ணு இருக்கும். 2319னு இருந்தா 2019ல 23வது வாரத்துச் சரக்கு. கறுப்புப் பாலீஷ் போட்டுப் புதுசாட்டம் காட்டுவான். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாத்துக்க. அளவுக்குப் பக்கத்துல 88னு இருந்தா ஒரு டயரு 560 கிலோ தாங்கும், 84னா 500தான். நீ வாழைத்தார வேற ஏத்துற ஆளு. அதையொட்டி ‘ஹெச்’னு ஒரு எழுத்து நிக்கும், மணிக்கு 210 கிலோமீட்டர்னு அர்த்தம். பெரும்பாறை ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டு வர்றவனுக்கு அது போதும்னு நெனைக்கிறேன்.

நட்டு வட்டத்த மட்டும் கோட்ட விட்டுறாத, பி.சி.டி.ம்பானே அது. நெறைய காருக்கு நாலு நட்டு, 100 மில்லி. பியட்டுக்கு 98. ரெண்டு மில்லிதானேன்னு எவனாச்சும் இழுத்து முறுக்குனா, ஸ்பேனரப் புடுங்கிக்கிட்டு எந்திரிச்சு வந்துரு. கொண்டையூசி வளைவுல சக்கரம் ஒனக்கு முன்னால போறத நீ பாக்க வேணாம்.

எங்கிட்டக் கேட்டா, அதே 15 இன்ச்லயே அலாய் போட்டுக்க. மினுக்குனாப்பலயும் ஆச்சு, முதுகும் தப்புச்சு. கேக்க மாட்ட, தெரியும்.

எதப் போட்டாலும் கழட்டுன பழைய டயரு நாலையும் கடையில விட்டுட்டு வந்துறாத. களத்துல மிளகு காயப்போட்ட தார்ப்பாய் காத்துக்குத் தூக்குது, மூலைக்கு ஒண்ணு வேணும்.