ஒன்று இல்லாமல் பிறந்த இரண்டு

“சப்போர்ட் முடியப்போகுது சார், அப்கிரேட் பண்ணிடுங்க” என்று வெண்டர் வந்து நின்றால் முதலாளிகள் விலை கேட்பார்கள், தள்ளுபடி கேட்பார்கள், தீபாவளி கழியட்டும் என்பார்கள். இந்த டேட்டாபேஸ் தொழிலின் பூர்வோத்தரத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வெண்டருக்குத்தான் சங்கடம். பிறக்கவே பிறக்காத ஒன்றாம் பதிப்பை அப்கிரேட் செய்து ஆரம்பித்த வியாபாரம் இது.

1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்ற கணிதக்காரர், தகவலை அட்டவணைகளாக வைத்துக்கொண்டாலே போதும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஐபிஎம்மிடம் அப்போது ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸ் சரக்கு சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஓடுகிற கடையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று கம்பெனி சாவகாசமாக ஆராய்ச்சி செய்தது. செய்ததைப் பெருந்தன்மையோடு அச்சிட்டு ஊருக்கும் கொடுத்தது. அதை அக்கறையாகப் படித்தவர் லாரி எல்லிசன். 1979-இல் அவரும் கூட்டாளிகள் பாப் மைனரும் எட் ஓட்ஸும் ஐபிஎம்மை முந்திக்கொண்டு ஆரக்கிளை விற்க வந்தார்கள். சரக்கின் பெயர் ‘ஆரக்கிள் வெர்ஷன் 2’. வெர்ஷன் 1? அது விற்பனைக்கு வரவே இல்லை. முதல் பதிப்பை எவன் வாங்குவான் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பவும் இல்லை.

சரி, ஒரு ஆசாமியின் சாமர்த்தியம் என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், எல்லிசன் இருந்த அதே கலிபோர்னியாவில் அதே காலத்தில் இன்னொரு அவதாரம். பாசடீனாவில் விண்கலம் அனுப்பும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வெய்ன் ராட்லிஃப், ஆபீஸ் ஃபுட்பால் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற உன்னத லட்சியத்தோடு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸ் எழுதினார். ‘ஸ்டார் ட்ரெக்’ ஸ்பாக்கின் நினைவாக அதற்கு ‘வல்கன்’ என்று பெயர் வைத்தார். ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இரண்டு வியாபாரிகள் அதை விற்க உரிமை வாங்கி, ‘டிபேஸ் 2’ என்று பெயரை மாற்றினார்கள். டிபேஸ் 1-ஐத் தேடாதீர்கள், கிடையாது. கம்பெனிக்கு ஆஷ்டன்-டேட் என்று பெயர். ஆஷ்டனையும் தேடாதீர்கள், அப்படி ஒரு பங்குதாரரே இல்லை, காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பிற்பாடு ஆபீசில் வளர்த்த கிளிக்கு ஆஷ்டன் என்று பெயர் வைத்து அந்தக் குறையையும் தீர்த்தார்கள்.

டிபேஸ் த்ரீ, த்ரீ பிளஸ் என்று வண்டி நன்றாகத்தான் ஓடியது. 1988-இல் டிபேஸ் 4 வந்தது, கூடவே மூட்டை மூட்டையாகப் பிழைகளும் வந்தன. ஒழுங்கான 1.1 பதிப்பு 1990-இல்தான் எட்டிப்பார்த்தது. பொறுமை இழந்தவர்கள் ஒஹாயோவிலிருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேரின் பக்கம் சாய்ந்தார்கள். ஆஷ்டன்-டேட் ஃபாக்ஸ் மீது வழக்குப் போட்டது. நீதிபதி தோண்டித் துருவினார். டிபேஸின் மூலமே அந்த லேபரட்டரியின் பொதுச்சொத்தான ஒரு புரோகிராம், அதைச் சொல்லாமல் காப்புரிமை வாங்கியிருக்கிறீர்கள் என்று வழக்குப் போட்டவரின் உரிமையையே 1990-இல் தள்ளுபடி செய்தார். மறு வருஷம் அந்த உத்தரவை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆனால் அதே 1991-இல் கம்பெனி போர்லண்டுக்குக் கைமாறிவிட்டது. 1992-இல் ஃபாக்ஸையும் அதன் ஃபாக்ஸ்ப்ரோவையும் மைக்ரோசாஃப்ட் விழுங்கியது.

நம்மூர் இந்தக் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். மாடியில் பத்துக்குப் பத்து அறை, ஒரு ஏசி, செருப்பை வாசலில் கழற்றச் சொல்லும் அறிவிப்பு, ‘டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ கற்றுத்தரப்படும்’ என்று போர்டு. அங்கே கற்றவர்கள்தான் மண்டிக்கும் மருந்துக்கடைக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஃபாக்ஸ்ப்ரோவில் ‘டெலீட்’ என்று அடித்தால் ரெக்கார்டு போய்விடாது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். ‘ரீகால்’ அடித்தால் திரும்ப வரும். ‘பேக்’ அடித்தால்தான் நிஜமாகவே போகும். ‘ஸாப்’ அடித்தால் மொத்த ஃபைலும் காலி. வருஷக் கடைசியில் தவறான டைரக்டரியில் ‘ஸாப்’ அடித்துவிட்டு முதலாளி முகத்தில் விழிக்காமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு தனி வரலாறு எழுதலாம்.

ஃபாக்ஸ்ப்ரோவுக்குப் பத்தாம் பதிப்பு வராது என்று 2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கு 2015 ஜனவரி 13-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறந்தவர்கள் வழக்கம்போல் பில் போட்டார்கள். சப்போர்ட் என்று ஒன்று இருந்ததே அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் கதை வேறு மாதிரி. சைபேஸ் என்ற கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் அதைக் கொண்டுவந்தது. 1989-இல் 1.0, அடுத்து 1.1, அதற்கடுத்து ஒரே தாவலில் 4.2, சைபேஸின் நம்பரோடு ஒத்துப்போக வேண்டுமாம். பிறகு 6.0. இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் ஆஷ்டனோடு சொர்க்கத்தில் இருக்கின்றன.

இந்த சர்வர் மண்டியின் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த டப்பா அல்ல. நெட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டை ஒன்றை அடைக்க 2002 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது. அப்போது சப்போர்ட் அமோகமாக இருந்தது, ஆனாலும் போட்டவர்கள் குறைவு. 2003 ஜனவரி 25-இல் அந்த ஓட்டை வழியாக ஸ்லாமர் என்ற புழு வந்தது. மொத்தமே 376 பைட். பத்து நிமிஷத்துக்குள் ஏறத்தாழ 75,000 கம்ப்யூட்டர்களில் புகுந்தது. அமெரிக்காவில் வங்கி ஏடிஎம்கள் படுத்தன, தென் கொரியாவில் இணையமே திணறியது. பேட்ச் கொடுத்த மைக்ரோசாஃப்டின் சொந்த நெட்வொர்க்கிலும் அது போடப்படாத கம்ப்யூட்டர்கள் இருந்தன. உபதேசம் ஊருக்குத்தான்.

அப்கிரேட் செய்கிறவர்கள் செய்ததையும் பார்க்க வேண்டும். சைபேஸ் காலத்து ‘ஸ்டார் ஈக்குவல்’ ஜாயின் எழுதிய பழைய குவெரிகளைத் திருத்த யாருக்கும் மனசு வராது. புது சர்வரைப் போட்டுவிட்டு, கம்பாட்டிபிலிட்டி லெவலை 80-இல் வைத்து, அது 2000-ஆம் ஆண்டிலேயே இருப்பதாக நம்பவைத்துவிடுவார்கள். 2008 ஆர்2 வரை அது பொறுத்துக்கொண்டது. 2012 பதிப்பில் 80-ஐயே தூக்கிவிட்டார்கள். 2000-இன் பேக்கப்பைக் கொண்டுபோனால், நேராக ரீஸ்டோர் ஆகாது, 2008-க்குப் போய் வா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது. அந்த 2008-க்கும் 2019 ஜூலை 9-இல் சப்போர்ட் முடிந்தது. முடிந்த பிறகும் மூன்று வருஷம் காசு கட்டினால் பாதுகாப்புப் பேட்ச் தருவோம், எங்கள் அஷூருக்குக் குடிவந்தால் அதுவும் இலவசம் என்றார்கள். கெடு வைத்ததே ஆளைக் குடிபெயர்க்கத்தானோ என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்குக் கெடு 2024 ஜூலை 9. 2016-க்கு 2026 ஜூலை 14. உங்கள் கடையில் ஓடுவது எது என்று தெரியாவிட்டால் இன்றைக்கே பாருங்கள். பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய பில் திறக்கிறதா என்றும் பாருங்கள். வெண்டரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் வாயில் அடுத்த பதிப்பின் நம்பர்தான் வரும்.