வேறு கிளைகள் இல்லை

தென்மாவட்டங்களில் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் அவரைப் பார்த்துவிடலாம். ஒரே பெயரில் நாலு காராசேவுக் கடைகள் வரிசையாக இருக்கும். எந்தக் கடையின் பலகையில் பலகாரங்களைவிட எச்சரிக்கைகள் அதிகமோ, அது அவருடையது. 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை', 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்', 'நிறுவனர் படம் பார்த்து வாங்கவும்'. படத்தில் இருக்கும் நிறுவனர் அவருடைய தகப்பனார். வட்டத்துக்குள் இருந்துகொண்டு, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்ப்பார். 'ஒரிஜினல்' என்ற சொல் கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். அதனால் ஊரில் அவருக்கே ஒரிஜினல் அண்ணாச்சி என்று பெயர்.

அப்பா ஒரு கடை வைத்தார். அவருக்கு மூன்று மகன்கள். பாகப்பிரிவினையில் வீடு, தோட்டம், பித்தளை அண்டா, எண்ணெய்ச் சட்டி, ஜாரிணி வரை பத்திரத்தில் ஏறின. கடைப் பெயர் மட்டும் ஏறவில்லை. அதுவும் ஒரு சொத்து என்று பத்திரம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. எனவே மூத்தவர் 'பழைய' ஆனார், நடுவிலவர் 'ஒரிஜினல்', இளையவர் 'பழைய ஒரிஜினல்'. நாலாவது கடைக்காரருக்கு இந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அண்ணாச்சியிடம் மாவு பிசைந்துகொண்டிருந்தவர். கூட்டமெல்லாம் அங்கேதான்.

கடை ஆரம்பித்த ஆண்டும் ஒரு நிலையில் நிற்பதில்லை. தம்பி '1958 முதல்' என்று எழுதினால், அடுத்த ஆயுத பூஜைக்குள் இங்கே '1952 முதல்' ஆகிவிடும். இப்படியே போனால் வெள்ளைக்காரன் காலத்தையும் தாண்டி நாயக்கர் காலத்தில் போய் நிற்பார்கள்.

பெயரைக் காப்பாற்ற அண்ணாச்சி செய்யாததில்லை. எண்கணித ஜோசியர் சொன்னார் என்று இங்கிலீஷ் பெயரில் இரண்டு 'ஏ'யும் ஒரு 'ஹெச்'சும் சேர்த்தார். பலகைக்காரர் ஒரு 'ஏ'யை விட்டுவிட்டார். ஜிஎஸ்டி சான்றிதழில் பழைய எழுத்துதான். பாக்கெட்டில் 'ஹெச்' இடம் மாறியிருக்கிறது. ஆக, அவர் பெயருக்கு அவரே இரண்டு போலிகளை உண்டாக்கி வைத்திருக்கிறார்.

"பேரைப் பதிவு பண்ணியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டால், "பண்ணாமலா?" என்று கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுப்பார். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், நகராட்சி லைசென்ஸ், போன வருஷத்துக் கரண்ட் பில். வியாபாரம் செய்யலாம் என்பதற்கு அத்தனை காகிதமும் உண்டு. பெயர் இவருடையது என்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டப்படி கிடைப்பது. அதற்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆன்லைனில் மனுப்போட தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அண்ணாச்சி ஒவ்வொரு தீபாவளிக்கும் 'ஏமாறாதீர்கள்' பிளெக்ஸுக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறார்.

ஒருவழியாக ஆடிட்டர் அவரை ஒரு இளம் பெண் வக்கீல் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"எந்தப் பேரைப் பதியணும் அண்ணாச்சி?"

"ஒரிஜினல் நயம் காராசேவு. இனிமே எவனும் அந்த வார்த்தையத் தொடக் கூடாதும்மா."

"அதெல்லாம் சரக்கோட தரத்தைச் சொல்ற வார்த்தை, எல்லாருக்கும் பொது. கடைக்குன்னு தனியா ஒரு பேர் இருக்குல்ல, அதைச் சொல்லுங்க. காராசேவு, முறுக்கு 30-ஆம் வகுப்பு. வாழைக்காய் சிப்ஸ் 29. வாசல்ல பெஞ்சு போட்டுக் காபி கொடுக்கிறீங்களே, அது 43. வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டணும்."

"ஏம்மா, ஒரே சட்டியில பொரிச்சது. அது முப்பது, இது இருபத்தொன்பதா?"

மொத்தம் 45 வகுப்புகள் இருப்பதை அந்தப் பெண் சொல்லாமல் விட்டது நல்ல மனசு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வட்டத்துக்குள்ள 'ஆர்' போட்டிருக்கீங்களே, பதிவாகாமப் போடக் கூடாது, அபராதம் வரும். 'டிஎம்'னு வேணா போட்டுக்கலாம்" என்றார். அண்ணாச்சி வெலவெலத்துப் போனார். "அது எங்கப்பா இனிஷியல்னுல்ல நெனச்சேன்!"

அவரைத் தெம்பாக்க வக்கீல் ஒரு மூக்குப்பொடி வழக்கைச் சொன்னார். ஸ்ரீ அம்பாள் பொடி இருக்க, ஸ்ரீ ஆண்டாள் என்று இன்னொருவர் பெயரைப் பதியப் பார்த்தார். அம்பாள் சிவன் பக்கம், ஆண்டாள் ரங்கநாதர் பக்கம், யாருக்குக் குழப்பம் வரும் என்பது அவர் வாதம். பொடி வாங்குகிறவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு, அவர்கள் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1969-இல் ஆண்டாளுக்குப் பதிவு இல்லை என்றது. சைவ வைணவச் சண்டையைப் பொடி மட்டையில் வைத்துத் தீர்த்த தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றும்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "அப்போ தம்பி கடையை இழுத்துப் பூட்டிரலாம்?"

"இதே வழக்கை அவரும் உங்க மேல போடலாமே, அவரும் உங்கப்பா மகன்தானே. முதல்ல மனுப்போடுவோம். ஜர்னல்ல வெளியிடுவாங்க. ஆட்சேபம் சொல்ல மத்தவங்களுக்கு 4 மாசம் டைம்."

"ஊரறிய வெளியிடுவாங்களா? தம்பிக்குத் தெரிஞ்சிருமே!" என்று எழுந்தவர், நேராகப் போய் இன்னொரு பிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார்.

மனுப்போட்டது மாவு பிசைந்தவர். ஜர்னலில் வந்தது, 4 மாசமும் போனது, அண்ணாச்சி ஜர்னல் பார்க்கிற ஆளில்லை. பதிவும் ஆகிவிட்டது. அப்படியும் அண்ணாச்சிக்கு எல்லாம் போய்விடவில்லை. பெயரை முதலிலிருந்தே பயன்படுத்தி வருகிறவரை, பின்னால் வந்து பதிந்தவர் தடுக்க முடியாது என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதைக் காட்டப் பழைய பில்கள் வேண்டும். அண்ணாச்சி கடையில் பில் போடுகிற பழக்கம் என்றைக்குமே கிடையாது.

அந்தப் பக்கம் போனால், காராசேவு வாங்கும்போது தயவுசெய்து பில் கேட்டு வாங்குங்கள். தொலைத்துவிடவும் வேண்டாம், அண்ணாச்சி தேடிக்கொண்டு வருவார்.