கொலை வாளில் தொடங்கும் பொன்னியின் செல்வன்

கேள்வி: அண்ணாச்சி, வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஆடியோபுக்ஷெல்ஃப் என்ற ஒலிப்புத்தக சர்வர் மென்பொருளைப் போட்டு ‘பொன்னியின் செல்வன்’ ஒலிப்புத்தகத்தை ஏற்றினேன். எடுத்த எடுப்பில் ‘கொலை வாள்’ ஓடுகிறது. என்ன கோளாறு? (முத்தையாபுரம் வாசகர்)

பதில்: கோளாறே இல்லை தம்பி, உங்கள் சர்வர் அரிச்சுவடியைப் பிசகில்லாமல் படித்திருக்கிறது. க, ச, த, ப, ம! கொலை வாள், சுழற்காற்று, தியாக சிகரம், புது வெள்ளம், மணிமகுடம் என்று ஐந்து பாகத்தையும் அகரவரிசையில் நிறுத்திவிட்டது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அந்தக் காட்சி இப்போது நாலாவது இடத்தில். கொலையும் நடந்து, தியாகமும் நடந்து, எல்லாம் முடிந்தபிறகு கதாநாயகன் ஊருக்குள் நுழைகிறான்! கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் வாசகர்களைக் காக்க வைத்தார். தலைகீழாக நடக்க வைக்கவில்லை.

இதைச் சரிசெய்ய, ‘கல்கி’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் ‘பொன்னியின் செல்வன்’. அதற்குள் ‘1 - புது வெள்ளம்’, ‘2 - சுழற்காற்று’ என்று ஐந்து ஃபோல்டர். எழுத்தாளர், வரிசை, புத்தகம் என்ற இந்த மூன்று படியைத்தான் அந்த மென்பொருள் எதிர்பார்க்கிறது. அத்தியாய ஃபைல்களுக்கு 01, 02 என்று முன்னால் பூஜ்யம் வையுங்கள். இல்லாவிட்டால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கிற பிளேயர்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. முதல் பாகத்தில் 57 அத்தியாயம், கடைசிப் பாகத்தில் 91. ஒரு பூஜ்யம் தாராளம். அப்புறமும் அடம்பிடித்தால் ஃபைலுக்குள் இருக்கும் ட்ராக் எண்ணைப் பாருங்கள். எம்.பி.3 டேக் என்ற மென்பொருளில் ஒட்டுமொத்தமாகத் திருத்திவிடலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் மாதச் சந்தா உண்டா? (ஏரல் வாசகர்)

பதில்: மென்பொருள் இலவசம், கரன்ட் பில் உங்கள் தலையில்.

கேள்வி: பார்வை மங்கிய அம்மாவுக்காக ‘கொற்கை’ நாவலை நானே வாசித்துப் பதிவு செய்கிறேன். பாதியை அண்ணனுடைய மேக் கம்ப்யூட்டரில் இருந்தும் பாதியை என் லேப்டாப்பில் இருந்தும் ஏற்றினேன். ‘கொற்கை’ என்று இரண்டு புத்தகம் நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். தேடினால் ஒன்றுதான் அகப்படுகிறது. பேய் வேலையா அண்ணாச்சி? (திருச்செந்தூர் வாசகி)

பதில்: தங்கச்சி, ஜோ டி குரூஸின் அந்த நாவல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அதை அம்மாவுக்காக வாய்விட்டு வாசிக்கிற உங்களை எந்தப் பேயும் அண்டாது.

வினை ‘கொ’வில் இருக்கிறது. அதிலுள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஃபைல் முறை இதைப் பிரித்துத்தான் வைக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ‘கொ’. லினக்ஸ் சர்வருக்கோ வெவ்வேறு பெயர், ஆகவே வெவ்வேறு ஃபோல்டர். ஒகரம், ஓகாரம், ஔகாரம் இந்த மூன்றுக்கும்தான் இந்தத் தொல்லை. ஆகவே நம் மாவட்டத்தில் தூத்துக்குடிக்கு ஆபத்தில்லை, கோவில்பட்டி மாட்டிக்கொண்டது!

லேப்டாப்பில் இருந்து வந்த ஃபோல்டரை வைத்துக்கொண்டு, மேக்கில் இருந்து வந்த ஃபைல்களை அதற்குள் நகர்த்துங்கள். அவற்றின் பெயரிலும் ஒகரம் இருந்தால் அந்தப் பெயரை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டுங்கள். பழைய பெயரைக் காப்பி அடித்து ஒட்டினால் பிரிந்த ‘கொ’வும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: உலகத்திலேயே சிறந்த ஒலிப்புத்தகம் எது? (சாயர்புரம் வாசகர்)

பதில்: தூக்கம் வராமல் நீங்கள் கடைசிவரை கேட்டது.

கேள்வி: வ.உ.சி. என் சர்வரில் மூன்று பேராக இருக்கிறார். அதில் ஒருவரை ‘பி’ வரிசையில் கண்டுபிடித்தேன். (ஒட்டப்பிடாரம் வாசகர்)

பதில்: அவர் பிறந்த ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! ‘வ.உ.சி.’, ‘வ. உ. சிதம்பரனார்’, ‘வ. உ. சிதம்பரம் பிள்ளை’ என்று மூன்று விதமாகப் பெயர் கொடுத்திருப்பீர்கள். மூன்று ஆளாக எண்ணிக்கொண்டது. பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நம்புகிற மென்பொருள்களோடு எனக்குத் தீராத சண்டை. அவற்றின் கணக்கில் வ.உ.சி., மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனோடு போட்டி போட்டவரை, வெள்ளைக்காரன் பெயர் முறையில் ‘பிள்ளை, வ. உ. சிதம்பரம்’ என்று மடக்கி வைப்பதை என்னால் பொறுக்க முடியாது.

ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளுங்கள். எழுத்தாளர் பக்கத்தில் மற்ற இரண்டையும் அதே பெயருக்கு மாற்றினால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். பட்டியல் வரிசையிலும் முதற்பெயர் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போகிறேன். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. கதை கேட்க வழி உண்டா? (பழைய துறைமுகத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு. கரையிலேயே ஆப்பில் புத்தகத்தை டவுன்லோட் செய்துவிடுங்கள். கேட்ட இடத்தை போன் நினைவில் வைத்து, திரும்பி வந்ததும் சர்வருக்குச் சொல்லிவிடும். ஏறுவதற்கு முன் ஏரோபிளேன் மோடில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ‘பெயர் மிக நீளம்’ என்று சர்வர் ஃபைலை ஏற்க மறுக்கிறது. விண்டோஸில் ஏற்றுக்கொண்டதே? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் போகும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. ‘தூத்துக்குடி’ மட்டுமே 36 பைட் சாப்பிடுகிறது. பெயரில் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள்.

கேள்வி: அண்ணாச்சி, என் தாத்தா முத்துக் குளித்தவர். கடைசி முத்துக்குளிப்பு வரை கடலில் இறங்கியிருக்கிறார். அவர் பேசிய கேசட் இரண்டு அலமாரியில் இருக்கிறது. மேலே ஒன்றும் எழுதவில்லை. இதையும் சர்வரில் வைக்கலாமா? (திரேஸ்புரம் வாசகி)

பதில்: அம்மா, மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். நம் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதில் மூச்சடக்கி இறங்கியவர்களின் குரல் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள்; அப்புறம் யாரும் தவறுதலாக அதன்மேல் பதிவு செய்ய முடியாது. பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருந்தால் பிளேயரில் போடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் பிளேயரில் இருந்து ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் பதிந்து, வேவ் அல்லது ஃப்ளாக் ஃபைலாக வையுங்கள். இரைச்சலை நீக்குவதென்றால் நகலில் நீக்குங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். தாத்தாவின் பெயரை எழுத்தாளர் இடத்தில் போடுங்கள். அவர் படத்தை அட்டையாக வையுங்கள். முத்துப் பாருக்குப் போனது, கல்லைப் பிடித்து இறங்கியது, சம்மாட்டியோடு பங்கு பேசியது என்று அத்தியாயம் பிரித்துப் பெயர் கொடுங்கள். ‘ட்ராக் 01’ என்று விட்டுவைத்தால் உங்கள் பேரனுக்கு அது யாரோ ஒருவர் பேச்சு.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கட்டாயம் வெளியூரில் இருக்கட்டும். உப்புக்காற்று யு.எஸ்.பி. முனையைக்கூட அரிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, நம் மாவட்டத்தில் எத்தனை அலமாரி நனைந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தாத்தாவோடு கடலுக்குப் போனவர்கள் யாரேனும் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போனோடு போய் உட்காருங்கள். பேச்சைத் தொடங்குமுன் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஃபைல் பெயரை யார் மாற்றினாலும், டேக் அழிந்தாலும், பேசியது யார் என்பது பதிவுக்குள்ளேயே இருக்கும்.