முட்டை முந்தியா, சால்மன் முந்தியா? தூண்டில் இரை குறித்து ஓர் ஆராய்ச்சி

கோழி முந்தியா முட்டை முந்தியா என்று மண்டையை உடைத்துக்கொண்ட அறிஞர் பெருமக்கள், சால்மனை ஏனோ கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் மாநிலத்து ஆற்றங்கரைகளில் இந்தக் கேள்வி வெறும் தத்துவம் அல்ல, பிழைப்பு. சால்மனைத் தூண்டிலில் பிடிக்க அங்கே பெரிதும் நம்பப்படும் இரை சால்மனின் முட்டைதான். முட்டை வேண்டுமானால் முதலில் ஒரு சால்மன் வேண்டும், அதுவும் சினையுள்ள பெட்டை. கடுவன் சிக்கினால் சாப்பாட்டுக்கு ஆகும், இரைக்கு ஆகாது. அப்படியானால் முதல் சால்மனை எதை வைத்துப் பிடித்தார்கள்? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரையறை, அது இல்லாத ஆய்வு எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லாது. இங்கே சால்மன் என்பது பெரும்பாலும் சினூக், கோஹோ. கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டதும் செத்துப்போகிற இனங்கள். இதே இரைக்குச் சிக்கும் ஸ்டீல்ஹெட் என்பதோ ஆற்றில் கிடக்கும் ரெயின்போ ட்ரவுட்தான். கடலுக்குப் போய் வந்ததால் ஃபாரின் ரிட்டர்ன் மாப்பிள்ளைபோல வேறு பெயரும் கூடுதல் மரியாதையும் பெற்றுவிட்டது. முட்டையிட்ட பிறகும் இது சாகாமல் கடலுக்குத் திரும்புவதுண்டு. 1989இல் அறிஞர்கள் இதை சால்மோ பேரினத்திலிருந்து எடுத்து, பசிபிக் சால்மன்களின் ஆன்கோரின்கஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். மீனிடம் கருத்துக் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து ஒரு முரண். ஆற்றில் ஏறத் தொடங்கிய சால்மன் இரை தேடுவதை நிறுத்திவிடுகிறது. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே மேலேறுகிறது, வயிறும் சுருங்கிப்போகிறது. ஆக, தூண்டில்காரர் செய்வது பசியே இல்லாத விருந்தாளிக்கு அவர் இனத்து முட்டையையே பரிமாறுவது. விருந்தாளியும் கவ்வுகிறார்! ஏன்? எரிச்சலில் கவ்வுகிறது என்பர் ஒரு சாரார். கடலில் தின்ற பழக்கதோஷம் என்பர் இன்னொரு சாரார். போட்டி மீனின் வாரிசை ஒழிக்கப் பார்க்கிறது என்பது மூன்றாம் சாரார் கட்சி. டிவி சீரியலின் சுவை மூன்றாவதில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது சான்றாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல்ஹெட் விஷயத்தில் இந்தக் குழப்பம் அவ்வளவு இல்லை. அது சால்மன் முட்டையிடும் இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு, நீரோட்டத்தில் தப்பி வரும் முட்டைகளைப் பொறுக்கித் தின்னும்.

பச்சை முட்டையை அப்படியே கொக்கியில் மாட்டினால் ஓரிரு வீச்சில் கரைந்து வழிந்துவிடும். பதப்படுத்தியாக வேண்டும். பதம் தொடங்குவது ஜாடியில் அல்ல, கத்தியில். மீனின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செவுளை அறுத்து ரத்தத்தை வடிக்க வேண்டும். முட்டையில் தங்கும் ரத்தம் கறுத்துக் கெட்டுப்போகும். வயிற்றைக் கீறினால் மெல்லிய சவ்வுக்குள் ஆயிரக்கணக்கான ஆரஞ்சு முட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு சினைப்பைகளாகக் கிடக்கும். சவ்வில் ஓடும் நாளங்களில் மிச்ச ரத்தம் நிற்கும். அதைக் கரண்டியின் முதுகால் மெல்ல நீவி, ஓரத்துக்குத் தள்ளி, வெளியேற்றுகிறார்கள். அப்போது அந்த மனிதரின் முகத்தில் தெரியும் பொறுமையை வீட்டார் வேறெந்தச் சமயத்திலும் கண்டிருக்க வாய்ப்பில்லை. குழாய்த் தண்ணீர் கூடாது, குளோரின் இருக்கும். கழுவியே தீர வேண்டுமானால் ஆற்றுத் தண்ணீர்.

பிறகு துண்டு போட்டு, உப்பும் சாயமும் கலந்த பதப்பொடியைத் தூவி, ஜாடியிலோ ஜிப் பையிலோ அடைத்து அவ்வப்போது புரட்டிவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் உப்பு முட்டையின் நீரை வெளியே இழுத்துவிடும். முட்டைகள் ஒடுங்கிச் சுருங்கி, சிவப்புச் சாற்றில் முங்கிக் கிடக்கும். கற்றுக்குட்டிகள் இந்த இடத்தில் பதறிப்போய்ச் சாற்றைக் கொட்டிவிடுவார்கள். கொட்டக் கூடாது. ஓரிரவு போனால் அதே சாற்றை முட்டைகளே திரும்பக் குடித்து உருண்டு திரண்டு, தோல் இறுகி நிற்கும். ஒன்றிரண்டு நாளில் எடுத்து, காகிதத்தில் உலர்த்தி, ஃப்ரீசரில் போட்டுவிட்டால் இலையுதிர்காலத்துச் சினூக்கின் முட்டை குளிர்காலத்து ஸ்டீல்ஹெட்டுக்கு ஆயிற்று.

பொடியில் என்ன சேர்ப்பது என்பதில்தான் சமயப் பிளவு. பழைய சம்பிரதாயத்தார் போராக்ஸ் கட்சி. நம் நாட்டு மருந்துக்கடையிலும் நகைப் பட்டறையிலும் வெங்காரம் என்று கிடைக்கும் அதே சரக்கு. அங்கே துணி துவைக்க விற்கிற 'ட்வென்டி மியூல் டீம்' பெட்டியை வாங்கி வந்து முட்டைமேல் தட்டுகிறார்கள். 1880களில் கலிஃபோர்னியாவின் டெத் வேலியிலிருந்து போராக்ஸ் வண்டிகளை இழுத்த பிராணிகளின் நினைவாக வைத்த பெயர் அது. அந்த இருபதில் கோவேறு கழுதைகள் பதினெட்டுதான், மீதி இரண்டும் குதிரைகள் என்பதை ஆய்வொழுக்கம் கருதிக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. புதிய சம்பிரதாயத்தார் சோடியம் சல்பைட் கட்சி. முட்டை சாறு கட்டி, தண்ணீரில் நன்றாகக் கசிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இரு கட்சிக்கும் பொதுவாக உப்பு, சர்க்கரை, சாயம். இவை போக ஜெல்லிப் பொடி, சோம்பு எண்ணெய், பூண்டு என்று கிளைச் சமயங்கள் ஏராளம். எவரும் தம் கலவையை முழுதாகச் சொல்வதில்லை. அப்பன் மகனுக்குச் சொல்லும்போதும் ஒரு கரண்டியை விழுங்கிவிட்டுத்தான் சொல்வார் போலும். இத்தனை பாடபேதங்களுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வாசனை பற்றியும் ஒரு வார்த்தை. 1950களில் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. மனிதர் கை கழுவிய நீரை ஆற்றில் கலந்தபோது ஏறி வந்த சால்மன்கள் மிரண்டு நின்றன. தோலிலிருந்து வரும் எல்-செரின் என்ற அமினோ அமிலமே காரணம் என்று 1956இல் எழுதினார்கள். அதனால் இன்றைய தூண்டில்காரர் கையுறை மாட்டாமல் முட்டையைத் தொடுவதில்லை. மனித வாடை படக் கூடாது என்று அவ்வளவு மடியாக நிற்பவர், அடுத்த நிமிடம் அதே முட்டையில் பூண்டுப் பொடியைக் கொட்டுகிறார். கையுறைக்கு இன்னொரு பயன், சாயம் விரலில் ஏறாது. ஏறிவிட்டால் லேசில் போகாது. வாரம் முழுவதும் அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ஜாடியைச் சாப்பாட்டுச் சாமான்களோடு ஒரே ஃப்ரிட்ஜில் வைப்பதால் வரும் குடும்பத் தகராறு தனி நூலுக்குரியது. ஜப்பானியர் இதே முட்டையை உப்பிட்டு ருசித்துச் சாப்பிடுகிறார்கள் என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள். போராக்ஸும் சல்பைட்டும் போட்ட இரை முட்டை மனிதர் வாயில் போகக் கூடாதது.

மீன் வாயிலும் சிக்கல் உண்டு. கொக்கியிலிருந்து நழுவி விழும் முட்டைகளை ஆற்றிலேயே வளரும் குஞ்சுகள் தின்கின்றன. ஒரிகனில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, சில வகைப் பொடியில் பதமிட்ட முட்டையைத் தின்ற சினூக், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் செத்தன. குற்றவாளி சோடியம் சல்பைட். ஒரு பெட்டையின் முட்டையைப் பதப்படுத்தி, இன்னொரு பெட்டையைப் பிடிப்பதற்காக, மூன்றாவது பெட்டையின் குஞ்சைக் கொன்றாயிற்று. சல்பைட் இல்லாத பொடியும் கிடைக்கிறது. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்; மிஞ்சிய இரையை ஆற்றில் கொட்டாதீர்கள்.

இனி மூல வினா. முதல் முட்டையைக் கடையில் வாங்கியிருக்கலாமே என்றால், கடை ஜாடியின் முட்டையும் ஒரு மீனின் வயிற்றிலிருந்து வந்ததே. பக்கத்துத் தூண்டில்காரரிடம் கடன் வாங்கியிருக்கலாமே என்பார், தூண்டில்காரர்களை அறியாதவர். தீர்வு கொலம்பியா ஆற்றில் இருக்கிறது. அங்கே செலிலோ அருவியில் பூர்வகுடியினர் பாறைமேல் மரப்பரண் கட்டி, நீண்ட கழியில் பொருத்திய கோருவலையால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சால்மனை அள்ளினார்கள். 1957இல் த டாலஸ் அணை அந்த அருவியை மூழ்கடிக்கும்வரை இப்படித்தான். எனவே சால்மனே முந்தியது என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. அது வலையில் விழுந்தது. அதைப் பிடிக்க எவருக்கும் முட்டையும் தேவைப்படவில்லை, போராக்ஸும் தேவைப்படவில்லை.