ஓடாத வண்டி

சக்கரம் வைத்த பொருள் எதையேனும் ஒருவன் செய்து முடித்துவிட்டு, இதை ஓட்டுவதற்காகச் செய்யவில்லை என்று நாமக்கல்லில் சொல்வானாயின், ஊரார் அவன்மேல் செலுத்தும் பார்வை எத்தகையது என்பதைப் பல வருஷங்களாக அனுபவித்து அறிந்தவன் நான். வீட்டுக்கு ஒருவர் ஸ்டியரிங் பிடித்தவராகவோ, லாரிக்குக் கூண்டு கட்டியவராகவோ, குறைந்தபட்சம் லாரிக்குப் பைனான்ஸ் கொடுத்துவிட்டுத் தூக்கம் இழந்தவராகவோ இருக்கும் இந்தச் சீமையில், எட்டு மாத காலம் கண் விழித்து நான் நிர்மாணித்த விஜயந்தா டாங்கியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இறுதியில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இது ஓடுங்களா?"

ஓடாது. ஓடாமலிருப்பதே அதன் லட்சணம். ஆவடியில் 1965-ஆம் வருஷம் முதன்முதலாக வெளிவந்த அந்தப் பீரங்கி வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, நிஜத்தில் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அதன் உடலைச் சாணும் சொச்சமுமாக ஆக்கி, பக்கத்துக்கு ஆறு சக்கரம், அவற்றின் ஆணி, ஆணியின் தலை ஆகியவற்றை விகிதம் பிசகாமல் அமைப்பதில் உள்ள ஆனந்தம், ஓட்டுவதில் இல்லை என்பது எங்கள் கோஷ்டியின் சித்தாந்தம். கோஷ்டி என்றால் என்னோடு சேர்த்து நால்வர்: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பாங்கிக் குமாஸ்தா ஒருவர், சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர், நாமக்கல்லில் லாரிகளுக்கு வர்ணம் அடிக்கும் மேஸ்திரி.

விமானம் செய்கிறவர்கள் எழுபத்திரண்டில் ஒன்று என்னும் அளவைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆறடி ஓர் அங்குலமாகிறது. நாற்பத்தெட்டில் ஒன்றுக்கும் காரணம் உண்டு. ஓரடி கால் அங்குலமாகிறது. டாங்கிகளுக்குரிய முப்பத்தைந்துக்கு மட்டும் எந்த வாய்பாட்டிலும் காரணம் அகப்படவில்லை. காரணம் அகப்படாத வஸ்துவுக்கு மகத்துவம் அதிகமாதலால், ஐந்தடி ஒன்பதங்குல மனிதன் இதில் சரியாக 5 சென்டிமீட்டர் ஆகிறான், விஜயந்தாவின் 105 மில்லிமீட்டர் பீரங்கி வாய் பின்னமே இல்லாமல் 3 மில்லிமீட்டர் ஆகிறது என்றெல்லாம் எடுத்துக்காட்டி, இது மனிதனையும் ஆயுதத்தையும் சமன்செய்யும் சூட்சும எண் என்று குமாஸ்தா ஒரு வியாக்கியானமே செய்து வைத்திருந்தார். நாமக்கல் ஆஞ்சநேயரின் பதினெட்டடித் திருமேனியைக்கூட அவர் சன்னிதியில் நின்றபடியே முப்பத்தைந்தால் வகுத்து, பதினாறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று என் காதில் சொன்னதுண்டு.

விஜயந்தாவுக்குரிய பாகங்கள் அடங்கிய பெட்டி எனக்குக் கிட்டாததால், கிட்டியதைக் கொண்டு செய்ய நேர்ந்தது. பீரங்கிக் குழாய்க்கு, மாம்பழச் சாற்றுப் பொட்டலத்தின் முதுகில் ஒட்டித் தருகிறார்களே, அந்தக் குழல் ஏறக்குறைய அளவுக்கு வந்தது. ஆனால் கோணலில்லாத குழல் ஒன்று கிடைப்பதற்குள் பதினோரு பொட்டலம் குடிக்க வேண்டியதாயிற்று. சங்கிலிப் பட்டையைக் கொலுசுக்காரர் தாமே முன்வந்து, சாமணமும் பொடி அரமுமாக மூன்று வாரம் உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகக் கோத்துக் கொடுத்தார். அது ஈயம் கலந்த மலிவு உலோகமே என்று எத்தனை முறை எடுத்துரைத்தும் என் மனைவி நம்பவில்லை. "பீரங்கி வண்டிக்குக் கொலுசு போட்டாச்சு, கட்டினவளுக்கு எப்பங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை தக்க விடை இல்லை.

எங்கள் சம்பாஷணைகள் ஞாயிறுதோறும் கோட்டை மலையடிவாரத்துத் தேநீர்க்கடையில் நடைபெறும். ராணுவப் பச்சை எந்தப் பச்சை என்ற ஒரே விஷயத்தை மூன்று மாதம் விவாதித்தோம். குமாஸ்தா புகைப்படங்களைப் பிரமாணமாகக் காட்டினார். மேஸ்திரியோ, சித்திரை மாசம் சேலம் பைபாசில் ஒரு வாரம் நிறுத்தினால் எந்தப் பச்சையும் ஒரே பச்சைதான் என்று தீர்ப்புக் கூறினார். வர்ணம் உலர்ந்தபின் வண்டிக்குத் துருவும் அழுக்கும் ஏற்றவேண்டும் என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. "நாப்பது வருசமா உப்புத்தாள் போட்டுத் துருவத் தேச்சு, பட்டி பாத்துப் பொழச்சவனுங்க நான். என்னையே துருவ எழுதச் சொல்றீங்களே சாமி!" என்றார். ஆயினும் அவர் எழுதிய துரு, அனுபவம் பேசிய துரு. தண்ணீர் எங்கே தேங்கும், கீல் எங்கே முதலில் பழுக்கும் என்பதை எங்களில் வேறு யார் அறிவார்? சக்கரத்தில் அப்புவதற்கு நிலக்கடலைக் காட்டுச் செம்மண் கொண்டுவந்து, மண்ணையும் முப்பத்தைந்தில் ஒன்றாக்கும் பொருட்டு வீட்டு மாவுச் சல்லடையில் சலித்தேன். அந்த வாரம் சுட்ட சப்பாத்திகளைப் பற்றி நான் ஏதும் பிரஸ்தாபிக்க விரும்பவில்லை.

இவ்வாறு சௌக்கியமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் முப்பத்தைந்தின் ரகசியம் வெளிப்பட்டது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனியார், 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் என்னும் ஜெர்மானிய டாங்கியைப் பொம்மையாக்கியபோது, அதன் வயிற்றுக்குள் ஒரு மோட்டாரும் இரண்டு பாட்டரிக் கட்டையும் அடங்கவேண்டும் என்று அதற்கேற்ற உடலை வைத்தார்களாம். பிறகு அளந்து பார்த்தால் அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்ததாம். நாங்கள் சூட்சும எண் என்று கொண்டாடியது, பொம்மை ஓடுவதற்காக விட்ட இடத்தின் அளவு!

இதைப் படித்துச் சொன்ன குமாஸ்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. மேஸ்திரியின் காதுக்கு இது எட்டலாகாது என்று நாங்கள் மூவரும் செய்துகொண்ட ஒப்பந்தம், அடுத்த ஞாயிறு முதல் டம்ளர் தேநீர் தீர்வதற்குள் கொலுசுக்காரரின் வாயால் முறிந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. என் விஜயந்தாவைத் தூக்கி, மல்லாத்தி, லாரி டாங்கில் டீசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பவர்போல் அதன் அடிவயிற்றை ஒரு விரலால் தட்டினார். "உள்ள எடம் இருக்குதுங்களே!" என்றார்.

அதற்கு மறுவாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சட்டைப்பையில் பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று இருந்தது. இப்போது டாங்கி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஆனால் அவர் என் மனைவியிடம், வண்டி ஓடினால் கொலுசுச் சத்தம் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.