அவசரப் பட்டாபிஷேகம்

கேள்வி: நாடாவின் இரைச்சலைக்கூட நீக்காமல் வெளியிடும் 'லோ-ஃபை' ராக் கோஷ்டிகளை மேதைகள் என்கிறார்களே, இது என்ன கூத்து?
— ஓர் இசைப் பிரியர், அயோத்தியாப்பட்டணம்.

பதில்: உங்கள் ஊர்க் கோதண்டராமரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே! அயோத்தி போய்ச் சேருமுன் முகூர்த்தம் நெருங்கிவிட்டபடியால் உங்கள் ஊரிலேயே ராமருக்குப் பட்டாபிஷேகம் நடந்ததென்பது ஸ்தல ஐதிகம். ஸ்டூடியோவுக்குக் காத்திராமல், இருந்த இடத்திலேயே பாட்டுக்கு முடி சூட்டிவிடுகிற அவசரந்தான் இந்தச் சம்பிரதாயத்துக்கும் மூலம்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரில், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு உபாத்தியாயராக இருந்த ராபர்ட் பொல்லார்ட் என்பவர், 1983-இல் 'கைடட் பை வாய்ஸஸ்' என்ற கோஷ்டியைத் தொடங்கி, நிலவறையிலும் கார்க் கொட்டகையிலும் நான்கு தடக் காஸெட் கருவியை வைத்துக்கொண்டு பதிவு செய்து, 1994-இல் வெளியிட்ட 'பீ தௌஸண்ட்' ஆல்பத்தில், நாடாவின் இரைச்சலும் கிதாரின் உறுமலும் மாமியாரும் மருமகளும்போல ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு போகின்றன. 20 பாட்டுகள், 40 நிமிஷத்துக்குள்! நம் வித்வான் தோடி ஆலாபனையை முடித்துத் தொண்டையை நனைப்பதற்குள் பொல்லார்ட் மங்களமே பாடிவிடுவார்.

நம் தேசத்திலும் இந்தக் கோத்திரம் உண்டு. சூர்யகாந்த் ஸாஹ்னி 2009-இல் டில்லியில் தொடங்கிய கோஷ்டிக்குப் 'பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி' என்று பெயர். கம்பெனி என்றதும் பங்கு வாங்க மனுப் போட்டுவிடாதீர்கள். மெருகேறாத ஆரம்பப் பாட்டுகளிலேயே, பழைய சினிமாவின் சோகமும் 'வால்ட்ஸ்' நடையும் கலந்த ஒரு வசீகரம் இருந்தது. 2019-இல் வெளிவந்த 'பிஸ்மில்லா' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். பெயரைப் பார்த்து ஷெனாயைத் தேட வேண்டாம்; ஊதுவது டிரம்பெட்.