பொருள்: மூக்குக் கண்ணாடி தொடர்பாக

அனுப்புநர்: கிட்டப்பார்வை உள்ள இந்தியக் குடிமகன் ஒருவன், சிராங்கூன் சாலைப் பக்கம், சிங்கப்பூர்.

பெறுநர்: உயர்திரு தலைமைப் பாஸ்போர்ட் அதிகாரி அவர்கள், வெளியுறவு அமைச்சகம், பட்டியாலா ஹவுஸ், புதுதில்லி.

பார்வை: 1.9.2025 முதல் நடப்பில் உள்ள தங்கள் புகைப்பட விதிமுறை. (என் பார்வை மைனஸ் ஆறு.)

ஐயா,

வெளிநாட்டில் இருந்துகொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிற இந்தியர்கள், சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் தரத்துக்கு ஏற்ற படம்தான் தர வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அகலம் 630 பிக்சல், உயரம் 810 பிக்சல். படத்தில் 80 முதல் 85 சதவீதம் முகமாகவே இருக்க வேண்டும். பின்னணி வெள்ளை. வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், தலை சாயக் கூடாது. கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும், ஒளி பட்டுத் தெறிக்கும் என்பதால்.

ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டுப்பட்டதால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் படியில் வரிசை நிற்கும். கட்டுமானத் தளத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஈரத் தலையை வாரிக்கொண்டு நிற்பார்கள். ஸ்டூடியோ தம்பி மன்னார்குடிக்காரர். மேசை இழுப்பறையில் சீப்பு, பவுடர் டப்பா, முடிச்சுப் போட்டே வைத்திருக்கும் டை, அவற்றோடு வில்லை இல்லாத வெறும் கண்ணாடிச் சட்டங்கள் நாலைந்து வைத்திருக்கிறார். கண்ணாடிக்காரர்களுக்கு அந்த வெறும் சட்டத்தை மாட்டிப் படம் எடுப்பது பழைய ஸ்டூடியோக்களின் தொழில் ரகசியம். முகமும் பழகிய முகமாக இருக்கும், ஒளியும் தெறிக்காது. உங்கள் உத்தரவு வந்த பிறகு சட்டங்கள் இழுப்பறையிலேயே தூங்குகின்றன.

என்னை முக்காலியில் உட்கார வைத்துக் கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

“அண்ணே, கேமராவப் பாருங்க.”

“எங்க தம்பி இருக்கு?”

“வெள்ளையா குடை மாதிரி ஒண்ணு தெரியுதுல்ல, அதுக்குப் பக்கத்துல.”

“அது நீன்னு நெனச்சேன்.”

“கண்ணச் சுருக்காதீங்கண்ணே. நல்லா முழிங்க.”

கிட்டப்பார்வைக்காரன் கண்ணாடி இல்லாமல் எதையாவது பார்க்க முயன்றால் கண் தானாகச் சுருங்கும். சுருக்காமல் இருக்க ஒரே வழி, எதையும் பார்க்க முயலாமல் இருப்பது. அப்படியே இருந்தேன். எடுத்த படத்தைத் திரையில் காட்டி, “சரியாண்ணே?” என்றார். மைனஸ் ஆறு பவர்காரனுக்கு வெறுங்கண்ணில் ஒரு சாணுக்குள் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். திரைக்கு மூக்கைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் எங்கோ சாவியைத் தொலைத்துவிட்டு யோசிப்பது போலிருந்தார். மூக்கின் இரு பக்கமும் சிவப்பாக இரண்டு பள்ளம்.

“முந்தியெல்லாம் இத ஒரே தட்டுல எடுத்துருவேண்ணே. இப்ப கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாதாம்” என்றார் தம்பி. உண்மைதான், படத்தை மென்பொருளால் மாற்றக் கூடாது என்பதும் உங்கள் விதி. அதை நான் மனதார வரவேற்கிறேன். தமிழன் முகத்தைக் கேட்காமலேயே வெளுப்பாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்களைச் சட்டம் போட்டு அடக்கிய முதல் அரசாங்கம் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

காரணம் தெரியாமல் குறை சொல்பவன் அல்ல நான். 2002இல் பெர்லினில் ஐகாவோவின் பணிக்குழு கூடி, பயண ஆவணங்களில் ஆளை அடையாளம் காண உலகம் முழுதும் முகத்தையே முதன்மையாகக் கொள்வது என்று முடிவெடுத்தது. முகத்தைப் படிக்கிற இயந்திரம் முதலில் தேடுவது இரண்டு கண்களின் மையத்தை. அங்கிருந்துதான் மற்றதையெல்லாம் அளக்கிறது. வில்லையில் விளக்கு தெறித்தால் அதற்குக் கண் கிடைக்காது. என்னுடையதைப் போன்ற தடித்த மைனஸ் வில்லை கண்ணைச் சிறுத்துக் காட்டும், கன்னத்தின் ஓரக்கோட்டையே உள்ளே தள்ளிவிடும். ஆகவே இயந்திரத்தின் கஷ்டம் நிஜமான கஷ்டம். அமெரிக்காகூட 2016 நவம்பர் 1 முதல் பாஸ்போர்ட், விசா படங்களில் கண்ணாடி கூடாது என்றுவிட்டது. மருத்துவக் காரணம் என்றால் டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

என் கேள்வி வேறு. இந்திய அரசாங்கத்துக்குக் கண்ணாடி போட்ட முகத்தை அடையாளம் தெரியாதா?

சிராங்கூன் சாலையில் பணமாற்றுக் கடைகளுக்குக் குறைவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ரூபாய் வாங்குவார்கள். அப்படி வாங்கிய ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. முன்பக்கத்தில் காந்தி. 1946இல் எடுத்த புகைப்படத்திலிருந்து வந்த முகம் அது. கண்ணாடி போட்டிருக்கிறார், போதாக்குறைக்குச் சிரிக்கிறார். 630க்கு 810இல் அவரே வந்து விண்ணப்பித்தால் ஒரே நாளில் இரண்டு காரணத்துக்காகத் திருப்பி அனுப்புவீர்கள்.

நோட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் தூய்மை இந்தியா சின்னம். வட்டமான மூக்குக் கண்ணாடி ஒன்று, ஒரு வில்லையில் ஸ்வச், இன்னொன்றில் பாரத். அவ்வளவுதான், முகமே இல்லை. 2014 அக்டோபர் 2 முதல் சுவரிலும் குப்பைத் தொட்டியிலும் அதைப் பார்க்கிற எந்த இந்தியனும் யார் கண்ணாடி என்று கேட்டதில்லை. வெறும் கண்ணாடியைக் காட்டியே ஆளை அறிமுகப்படுத்துகிற அரசாங்கம், என்னிடம் கண்ணாடியைக் கழற்றினால்தான் நீ யார் என்று தெரியும் என்கிறது. காந்தி பெயரில் இங்கே ரேஸ் கோர்ஸ் லேனில் ஒரு நினைவு மண்டபம் உண்டு. இந்தியர்கள் காசு சேர்த்துக் கட்டியது. 1950இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். தாங்கள் சிங்கப்பூர் வரும்போது அந்தப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் நலம்.

தமிழ்நாட்டுக்காரர்களின் சங்கடம் இன்னும் பெரிது. அம்பேத்கர், பெரியார் சிலைகளைக் கண்ணாடி இல்லாமல் வடித்துப் பாருங்கள், மாலை போட வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். எம்.ஜி.ஆர். உடல் 1987இல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தபோதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே இருந்தன. அத்தனை லட்சம் பேர் அழுதது அந்த முகத்துக்காக. விதிப்படி கழற்றி வைத்திருந்தால், ஆள் மாறிவிட்டது என்று கலவரமே வந்திருக்கும்.

நான் பிழைக்க வந்த ஊரோ கண்ணாடிக்காரர்களின் ஊர். தொடக்கநிலை ஆறு முடிக்கும்போதே பிள்ளைகளில் 100க்கு 65 பேருக்குக் கிட்டப்பார்வை, இளையர்களில் 83 பேருக்கு. இது இந்த நாட்டு அரசாங்கமே சொன்ன கணக்கு. 2001 முதல் அதைத் தடுக்கத் திட்டம் போட்டு நடத்துகிறார்கள், பிள்ளைகளை வெயிலில் விளையாட விடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அதனாலோ என்னவோ, இங்குள்ள குடிநுழைவு ஆணையம் படத்தைவிடக் கருவிழியை நம்ப ஆரம்பித்து ஆண்டுகள் ஆகின்றன. 2020 முதல் சோதனைச் சாவடியில் கட்டைவிரல் ரேகைக்குப் பதிலாகக் கருவிழியும் முகமும்தான். 2024இலிருந்து சாங்கி விமான நிலையத்தில் இந்நாட்டவர்கள் புறப்படும்போதும் திரும்பும்போதும் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கவே தேவையில்லை.

அந்த வாசலிலும் கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டியிருக்கிறது, மறைக்கவில்லை. கழற்றியதும் திரையில் ஏதோ எழுத்து ஓடும். ‘கேமராவைப் பாருங்கள்’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, கண்ணாடி போட்டால் அது படிக்காது. பின்னால் நிற்கும் ஆன்ட்டி, ஆங்கிலமும் சீனமும் கலந்து, மேலே பார் என்பார். உலகின் மிக நவீன எல்லைக் கட்டுப்பாடு இப்படித்தான் நடக்கிறது, பின்னால் நிற்கும் ஆன்ட்டியின் தயவில்.

ஆனாலும் அது நொடியில் முடிகிற வேலை. உங்கள் படமோ பத்தாண்டுக்குச் செல்லும். அந்தப் பத்தாண்டும் விடுதி வரவேற்பில், வங்கியில், சிம் கார்டு கடையில் அந்தப் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்ப்பது மனிதர்கள்தான். படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், “கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்க” என்பார்கள். கழற்றுவேன். அவர்களுக்குத் திருப்தி. அந்த நேரத்தில் அவர்கள் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எனக்கு ஒன்றுதான்.

இன்னொரு கவலை, போலீஸ் விசாரணை. ஊர் முகவரிக்கு ஏட்டையா வருவார். படத்தை அடுத்த வீட்டுத் திண்ணையில் காட்டி, “இவரத் தெரியுமா?” என்பார். பக்கத்து வீட்டுச் சித்தப்பா அதை எட்டப் பிடிப்பார், கிட்டப் பிடிப்பார், கடைசியில் தன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார். “இப்படி ஒருத்தர் நம்ம தெருவுலயே இல்லீங்களே” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த முகத்தைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. என் மனைவி மட்டும் பார்த்திருக்கிறாள், அதுவும் விளக்கை அணைப்பதற்கு முன் சற்று நேரம்.

ஆகவே விதியை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு ஒரு படம், மனிதருக்கு ஒரு படம் என்று இரண்டு ஒட்ட இடம் விட்டால் போதும். முடியாதென்றால் இருக்கவே இருக்கிறது உங்கள் விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற கட்டம். பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதியவர் என் வலது முழங்கையைத் திருப்பிப் பார்த்து ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்தார். நான் அதை எழுதவில்லை. ‘மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய சிவப்புத் தடம்’ என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிச் சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும் என்பதால், சரிபார்க்க வரும் அதிகாரியைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விண்ணப்பதாரன்.

இணைப்பு: கண்ணாடி இல்லாத படம், விதிப்படி. கண்ணாடியோடு எடுத்தது ஒன்று, தங்கள் பார்வைக்கு மட்டும். இயந்திரத்திடம் காட்ட வேண்டாம். ஐநூறு ரூபாய் நோட்டை நகலெடுப்பது குற்றம் என்பதால் இணைக்கவில்லை, தங்கள் சட்டைப் பையிலேயே பார்த்துக்கொள்ளவும்.